எண்பதில் ஓடும் வண்டி சிக்னலில் ஏன் அணைகிறது?

பைக்கை நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊருக்குள் வந்து, சிவப்பு விளக்கைப் பார்த்து ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்த அடுத்த நொடி இன்ஜின் அணைந்துவிடும். பட்டனை அழுத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அடுத்த சிக்னலில் மறுபடி அதே கதை. சரி, காட்டிவிடலாம் என்று பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் முன்னால் சமர்த்தாக அரைமணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேகத்தில் நன்றாக ஓடுகிற இன்ஜின் மெதுவாக ஓட முடியாமல் தவிப்பது பலருக்கும் விசித்திரமாகப் படுகிறது. கடினமான வேலையைச் செய்கிறது, சும்மா இருக்கச் சொன்னால் படுத்துவிடுகிறது. உண்மையில் இன்ஜினுக்குக் கடினமான வேலை சும்மா இருப்பதுதான்.

100 முதல் 150 சிசி வரையிலான நம்மூர் வண்டிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,400 சுற்றையொட்டி ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா, ஓடும்படி வைக்கப்பட்டிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் சுழலும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. ஒற்றைச் சிலிண்டர் என்பதால் நிமிடத்துக்கு 700 வெடிப்பு, அதாவது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 85 மில்லி நொடி. அந்த இடைவெளியில் புகையை வெளியே தள்ளுவது, புதுக் காற்றை இழுப்பது, அதை அழுத்துவது எல்லாமே முந்தைய வெடிப்பின் உந்துதலில்தான் நடந்தாக வேண்டும். ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிப்பதுபோல: பெடல் மேலே வரும்வரை சக்கரத்தின் வேகத்தை நம்பியே போக வேண்டும். ஒரு வெடிப்பு தவறினால் 170 மில்லி நொடிக்கு இன்ஜினுக்கு உதவி கிடையாது. அதே இன்ஜின் 6,000 சுற்றில் ஓடும்போது 20 மில்லி நொடிக்கு ஒரு வெடிப்பு வந்துகொண்டே இருக்கும். பத்தில் ஒன்று தவறினால்கூட ஓட்டுபவருக்கு லேசான மிஸ்ஸிங் மாதிரிதான் தெரியும், வண்டி நிற்காது.

இந்த இடைவெளியைத் தாண்ட உதவுவது கிராங்கோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடை. சென்னை திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு இன்ஜினோடு தயாரான பழைய புல்லட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அடுத்த ‘டுக்’ வருமா வராதா என்று நாம் யோசிக்கிற அளவுக்கு மெதுவாக ஓடும், ஆனால் நிற்காது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த இரும்பின் எடை அப்படி. இன்றைய வண்டிகள் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் சீற வேண்டும் என்பதற்காகச் சுழலும் எடையைக் குறைத்திருக்கிறார்கள். சட்டென்று ஏறுவது சட்டென்று இறங்கவும் செய்யும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் புதிதாக வருகிற கலவை மிகக் கொஞ்சம். முந்தைய வெடிப்பின் புகை முழுதும் வெளியேறாமல் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் சைலன்சர் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் திரும்பி உள்ளே வரும். ஆக, ஐட்லிங்கில் பிளக் பற்றவைக்க வேண்டியது புகை கலந்த, நீர்த்துப்போன கலவையை. அதனால்தான் அங்கே பெட்ரோல் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வேகத்தில் ஓடும்போது பொறுத்துப்போகிற பத்து சதவீதக் குறைபாடு இங்கே இன்ஜினை அணைத்துவிடும்.

எனவே குறைந்த வேகத்தில் நிற்பது தனியாக ஒரு நோய் கிடையாது. பெட்ரோல், காற்று, பொறி, வால்வு, கிளட்ச் என்று எங்கே சின்னக் குறை இருந்தாலும் முதலில் வெளியே தெரிகிற இடம் அது. இங்கேதான் நம் பட்டறைப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது.

“அண்ணே, ஐட்லிங் நிக்க மாட்டேங்குது.”

“அவ்வளவுதானே தம்பி, இரு.”

ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரைச் சுற்று. இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நிற்காது, காசுகூட வாங்க மாட்டார். இது எந்தக் குறையையும் சரிசெய்யவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டார், அவ்வளவுதான். இன்ஜின் தன் பலவீனமான இடத்துக்கு இறங்கிவராமல் மேலேயே நிற்கிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், கியர் போடும்போது ‘டங்’ என்று அடிக்கும், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தள்ளிக்கொண்டே போகும். சில வாரங்களில் உள்ளே இருக்கும் குறை வளர்ந்து, அந்த உயரத்திலும் வண்டி அணையத் தொடங்கும். ஐட்லிங் ஸ்க்ரூ கடைசியாகத் தொட வேண்டியது என்பது என் கட்சி.

முதலில் கேட்க வேண்டியது ‘எப்போது நிற்கிறது?’ காலையில் முதல் ஐந்து நிமிடமா, நன்றாகச் சூடான பிறகா? ஆக்சிலேட்டரை விட்ட அந்தக் கணத்திலா, நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்ல இறங்கியா? கிளட்சைப் பிடித்திருக்கும்போதா, கியர் நியூட்ரலில் இருக்கும்போதும்கூடவா? திணறி நிற்கிறதா, சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நிற்கிறதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கார்புரேட்டர் வண்டிகளில் தொடங்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்து, புதிய வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டாலும், அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் தெருவெங்கும் ஓடுகின்றன. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற வழி ஒன்றல்ல. ஆக்சிலேட்டர் திறந்திருக்கும்போது மெயின் ஜெட்டும் ஊசியும் வேலை செய்யும். மூடியிருக்கும்போது, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை கொண்ட ஒரு சின்னப் பித்தளைக் குழாய் மட்டும்தான் இன்ஜினுக்குச் சோறு போடுகிறது. மெக்கானிக்குகள் அதை ஸ்லோ ஜெட் என்பார்கள், பைலட் ஜெட் என்றும் சொல்வதுண்டு. எண்பதில் ஓடுகிற வண்டி சிக்னலில் நிற்பதன் ரகசியம் இங்கே இருக்கிறது. எண்பதில் ஓட்டுவது ஒரு குழாய், சிக்னலில் ஓட்டுவது வேறு குழாய்.

அந்தத் துளை அடைபடுவதற்குப் பெரிய குப்பை தேவையில்லை. வண்டி சில வாரம் நின்றாலே ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படலத்தை விட்டுச் செல்லும். கார்புரேட்டரில் இருப்பதிலேயே சின்னத் துளை என்பதால் முதல் பலி ஸ்லோ ஜெட். வெளிநாடு போய்விட்டு வந்து வண்டியை எடுப்பவர்களுக்கும், விடுதியிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளின் வண்டிக்கும் இது வாடிக்கை. காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். அந்த ஒரு அறிகுறியே போதும், பெட்ரோல் குறைவாக வருகிறது என்பதற்கு.

அதைச் சுத்தம் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு. கார்ப் கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தில் ஊதினால் போதும். கையில் கிடைத்த இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவது கெடுதல். பித்தளை மென்மையானது. துளை ஒரு முடியளவு பெரிதானாலும் அப்புறம் எந்த டியூனிங்கிலும் பிடிபடாமல், மைலேஜ் போய், பிளக் கறுத்துக்கொண்டே இருக்கும். புது ஜெட் வாங்குவது மலிவு.

பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஸ்க்ரூ கலவைக்கானது. எல்லா கார்புரேட்டருக்கும் ஒரே விதி என்று நினைத்துத் திருகுகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அது ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கமாக இருந்தால் கலவையையே கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். எதுவானாலும் முறை ஒன்றுதான்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மெல்லத் திருகி, சுற்று எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, அப்புறம் ஐட்லிங் ஸ்க்ரூவால் சுற்றைக் கீழே இறக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் டியூன் செய்து கொடுத்தால் அது பஜார் முனையைத் தாண்டுவதற்குள் கெட்டுவிடும்.

ஊட்டிக்குக் கார்புரேட்டர் வண்டியில் போனவர்கள் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கலவை, சேரிங் கிராஸ் போய்ச் சேரும்போது பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். ஏற்றத்தில் இழுவை குறையும், கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் அணையும். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை, கீழே இறங்கியதும் தானே சரியாகிவிடும். அங்கே போய் டியூன் செய்துகொண்டு இறங்கினால்தான் தொந்தரவு, சமவெளியில் பெட்ரோல் போதாமல் சூடாகும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை.

கலவை சரியாக இருந்தும் நிற்கிறது, சுற்று ஏறி இறங்கி அலைகிறது என்றால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும். சூட்டிலும் பெட்ரோலிலும் கிடந்து விரிசல் விட்டிருக்கும். மூடிய ஆக்சிலேட்டருக்குப் பின்னால் உறிஞ்சல் பலமாக இருப்பதால், அந்த விரிசல் வழியே கணக்கில் இல்லாத காற்று நுழையும். ஆக்சிலேட்டர் திறந்திருக்கும்போது உள்ளே போகும் மொத்தக் காற்றில் அது தூசு, மூடியிருக்கும்போது அதுவே பெரும்பங்கு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்த ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் இன்ஜின் சுற்று சட்டென்று மாறிக் காட்டிக்கொடுக்கும். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும். சூடான சைலன்சர் பக்கம் தெளிக்காமல், துளித்துளியாக.

இன்ஜெக்‌ஷன் வந்ததும் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தோம். பெட்ரோல் பக்கத்துச் சிக்கல் நிறையவே குறைந்தது, காற்றுப் பக்கத்துச் சிக்கல் புதிதாக முளைத்தது. இந்த வண்டிகளில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் தட்டு மூடிக்கொள்ளும். ஐட்லிங்குக்குத் தேவையான காற்று பக்கவாட்டில் ஒரு சின்ன வழியாகப் போகிறது. பல மாடல்களில் அந்த வழியை ஒரு சின்ன மோட்டார் வால்வு திறந்து மூடி, சுற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இன்ஜினின் உள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி ஏர் பாக்ஸ் வழியாகத் திரும்ப இங்கேதான் வந்து சேரும். தூசும் எண்ணெயும் சேர்ந்து தட்டின் விளிம்பிலும் அந்தச் சந்திலும் கறுப்பாகப் படியும். படியப் படியக் காற்று குறையும்.

இப்போது, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சிக்னல் கதையை நெருங்கிப் பார்க்கலாம். நான்காவது கியரில் வந்துகொண்டிருக்கிறீர்கள். ஆக்சிலேட்டரை விடுகிறீர்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றுவதால் பெட்ரோல் தேவையில்லை என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இன்ஜெக்டரையே மூடிவிடுகிறது. மைலேஜுக்காகச் செய்த ஏற்பாடு இது. பிறகு கிளட்சைப் பிடிக்கிறீர்கள். சக்கரத்தின் உதவி அந்தக் கணமே அறுந்துபோகிறது. சுற்று மளமளவென்று விழத் தொடங்குகிறது. ஐட்லிங் அளவை அடைவதற்குள் ஈசியூ பெட்ரோலைத் திறந்துவிட்டு, காற்று வால்வையும் சற்றுக் கூடுதலாகத் திறந்து, விழுகிற இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். காற்று வழியில் கரி இருந்தால் தாங்குவதற்குப் போதிய காற்று இல்லை. சுற்று 1,400-ல் நிற்காமல் 900, 700 என்று இறங்கி, செத்துப்போகிறது. நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் மேலிருந்து விழுகிற வேலை இல்லாததால் ஐட்லிங் அழகாக நிற்கும். மெக்கானிக் முன்னால் வண்டி சமர்த்தாக நடந்துகொள்வதன் காரணம் இதுதான். ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை வெளியே வராது, ஓட்டிப் பார்த்தால்தான் வரும்.

தீர்வு பெரும்பாலும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது. அந்த வால்வைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது, உள்ளே இருக்கும் பல் போய்விடும். கரி படிந்த நிலைக்கு ஏற்ப ஈசியூ சில திருத்தங்களைக் கற்று வைத்திருக்கும் என்பதால், சுத்தம் செய்த உடனே சுற்று ஏறுமாறாக இருக்கலாம். அந்தந்த மாடலுக்குச் சொன்ன முறையில் ரீசெட் செய்தோ, கொஞ்சநேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டோ சரிக்கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் ‘கிளீன் பண்ணதும் இன்னும் மோசமாயிடுச்சு’ என்று புலம்புபவர்கள் உண்டு.

எத்தனாலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கே வண்டி நின்றாலும் இப்போது பழி அதன் மேல்தான். இருபது சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023-இல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஈ20-க்குக் கணக்குப் போட்டால் 13.5 அளவில் வரும். அதாவது அதே ஜெட் வழியாக அதே அளவு எரிபொருள் போனாலும், இன்ஜினுக்கு அது எட்டு சதவீதம்போல் குறைவாகப் போனதற்குச் சமம். ஏற்கெனவே ஓரளவு அடைபட்ட ஸ்லோ ஜெட் உள்ள பழைய வண்டிக்கு இது கடைசித் தள்ளாக அமைந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும், ஆனால் அந்தச் சென்சார் சூடான பிறகே வேலை செய்யும். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் ஈசியூ தன் மனப்பாடக் கணக்கில்தான் ஓட்டுகிறது. ஈ20-க்கு முன் தயாரான பிஎஸ்-6 வண்டிகளில் காலைத் திணறலுக்கு இது ஒரு காரணமாக இருக்க இடமுண்டு.

எத்தனாலின் இன்னொரு குணம் தண்ணீரை ஈர்ப்பது. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயும் அடியில்தான். மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நாள்கணக்கில் வெளியே நின்ற வண்டி திணறினால், ஃப்ளோட் அறையின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கலாம். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் விடை கையில். அது இல்லாமல் எல்லாவற்றையும் ஈ20 தலையில் கட்டுவது, அழுக்கு ஏர் ஃபில்டருக்கு வக்காலத்து வாங்குவது.

சூடான பிறகு மட்டும் நிற்கிற வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது டாப்பெட்டை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை. சின்ன வண்டிகளில் வால்வு இடைவெளி பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரையொட்டித்தான். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமிழும்போது இந்த இடைவெளி குறைகிறது. சூட்டில் உலோகம் நீளும்போது இடைவெளி இல்லாமலே போய், வால்வு முழுக்க மூடாமல் நிற்கும். அழுத்தம் கசியும். வேகத்தில் கசிய நேரம் கிடைக்காது, ஐட்லிங்கில் தாராளமாகக் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், டாப்பெட் சத்தம் போட்டால் எல்லோரும் பயப்படுகிறார்கள், சத்தமே இல்லாமல் இருந்தால் ‘ஸ்மூத்தா இருக்கு’ என்று மகிழ்கிறார்கள். இறுகிப்போன டாப்பெட்டுக்குச் சத்தம் கிடையாது. சத்தம் போடுவது எரிச்சல் மட்டும், இறுகியது வால்வையே கருக்கிவிடும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்காமல் காதால் டாப்பெட் வைக்கிற பட்டறையை நம்பாதீர்கள்.

சூட்டில் நின்று, அரைமணி ஆறினால் ஓடுகிற வண்டிக்கு வேறொரு காரணமும் உண்டு: காயில். பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலோ, கிராங்க் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பல்சர் காயிலிலோ மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். பல்சர் காயில் தரும் மின்னழுத்தம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினால் குறைவு, வேகமாகச் சுற்றினால் அதிகம். ஆகவே பலவீனமான காயில் முதலில் கைவிடுவது ஐட்லிங்கில்தான். பேட்டரியை நம்பாமல், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட்டோவிலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் பழைய சிடிஐ வண்டிகளிலும் இதே கதை. காயில் தயாரிப்பிலேயே கோளாறாக இருப்பதும் நடந்திருக்கிறது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் நடுவே தயாரான கிளாசிக், புல்லட், மீட்டியார் வண்டிகளில் சுமார் 2.37 லட்சத்தைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. வெளியிலிருந்து வாங்கிய இக்னிஷன் காயிலில் இருந்த குறையால் மிஸ்ஸிங்கும், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் வரலாம் என்று நிறுவனமே அறிவித்தது. புதிய வண்டி என்பதாலேயே ஓட்டுபவர் மேல் பழிபோடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மின்சாரம் என்றதும் பேட்டரி. 2017 ஏப்ரலிலிருந்து வரும் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்தே ஆக வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், ஈசியூ எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. ஐட்லிங்கில் மேக்னெட்டோ தருவது குறைவு. பிரேக் விளக்கு, இன்டிகேட்டர், ஹாரன் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் இடம் எது? சிக்னல். பேட்டரி சோர்ந்திருந்தால் அந்த இடத்தில் மின்னழுத்தம் சரியும், இன்ஜினும் சரியும். இன்டிகேட்டர் சிமிட்டும் தாளத்தில் ஐட்லிங்கும் ஏறி இறங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு நொடி ‘ங்ஙீ’ என்று பம்பு ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் உங்கள் வண்டியில் எப்படி இருக்கும் என்று இப்போதே பழகிக்கொள்வது நல்லது. ஒருநாள் அது ஈனமாகக் கேட்டால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கிளட்ச் தனி ரகம். நியூட்ரலில் ஐட்லிங் அருமை, ஆனால் கிளட்சைப் பிடித்து முதல் கியரில் நின்றால் அணைகிறது என்றால், கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். கேபிள் தளர்ந்து கிளட்ச் முழுக்கப் பிரியாமல் இருக்கிறது, இன்ஜின் நின்ற வண்டியை இழுக்கப் பார்த்துத் தோற்கிறது. பிடித்த கையோடு வண்டி முன்னால் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கேபிளைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. மூன்றாவது கியரிலேயே வேகத்தடையில் ஏறி இறங்கும் பழக்கத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு எந்த மெக்கானிக்கும் மருந்து தர முடியாது.

திணறாமல், சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று நிற்பது கலவைக் கோளாறு அல்ல. எங்கோ இணைப்பு அறுகிறது. சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச் இப்போது பல வண்டிகளில் இருக்கிறது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில், சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்த ஸ்டாண்டு குழியில் குலுங்கி ஒரு கணம் இறங்கினாலே ஈசியூ அதை நம்பிவிடும். சிவப்பு கில் சுவிட்சும், சாவித் துளைக்குப் போகும் வயரும் அடுத்த சந்தேகம். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது மட்டும் நின்றால் வயர் எங்கோ இழுபடுகிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹேண்டில் முழுக்கத் திரும்புவது யூ-டர்னில்தான். சாய்ந்து திரும்பும் வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது பின்சக்கரத்தின் உந்துதல். அது அறுந்தால் 195 கிலோ கிளாசிக் 350-ஐ ஒற்றைக் காலால் தாங்க எல்லோராலும் முடியாது. திருப்பத்தில் அணைந்தால் உடனே கிளட்சைப் பிடித்து, ஹேண்டிலை நேராக்கி, பின்பிரேக்கை மட்டும் தொடுவதுதான் விழாமல் இருக்க ஒரே வழி. முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சில வண்டிகள் வேண்டுமென்றே அணைகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஹீரோவின் ஐ3எஸ் உள்ள வண்டி நியூட்ரலில் சில நொடி சும்மா நின்றால் தானாக அணைந்து, கிளட்சைப் பிடித்ததும் உயிர் பெறும். டிவிஎஸ், ஹோண்டா ஸ்கூட்டர்கள் சிலவற்றிலும் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. செகண்ட் ஹாண்டில் வாங்கியவருக்கு அந்தச் சுவிட்ச் எதற்கென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்கு நேரெதிரான யோசனையும் இருக்கிறது. டிவிஎஸ் அப்பாச்சியின் பிஎஸ்-6 மாடல்களில் வந்த ஜிடிடி என்ற வசதி, நெரிசலில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்சை விட்டால் வண்டி அணையாமல் ஊர்ந்து போகும்படி ஐட்லிங்கைத் தாங்கிப் பிடிக்கிறது. பழைய புல்லட்டின் இரும்பு செய்ததை இங்கே ஈசியூ செய்கிறது.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில், கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி-2 ஏற்பாடு வந்துவிட்டது. இன்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறின் குறியீடு ஈசியூவில் பதிவாகியிருக்கும். அந்தக் குறியீட்டைப் படிக்கும் கருவி இப்போது தெருமுனைப் பட்டறைகளிலும் காணக் கிடைக்கிறது. ஆனால் இறுகிய டாப்பெட்டுக்கோ, தளர்ந்த கிளட்ச் கேபிளுக்கோ, விரிசல் விட்ட ரப்பருக்கோ அதில் நேரடியாகக் குறியீடு கிடையாது. குறியீடு எதுவும் இல்லை என்றதும் ‘வண்டியில் ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவைத்தால், ஓட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து, அது எந்தச் சிக்னலில் நிற்கிறதோ அங்கேயே அழைத்துப் போங்கள்.